பச்சையாகக் காட்டச் சொன்னவன்

என் மருமகள் பார்க்கிற வேலை பலருக்குப் புரியாது. எனக்குப் புரியும். மூன்று கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்களில் ஒரு ஆஸ்பத்திரியின் டோக்கன் பதிவு ஓடுகிறது. வருகிற கூட்டத்தை எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்புவது என்று வாசலில் நின்று பிரித்துவிடுவது லோட் பேலன்சர். மூன்று இடத்து லோட் பேலன்சர்களையும் ஒரே திரையில் வைத்துத் திருத்துகிறவள் இவள். பத்து விநாடிக்கு ஒரு தரம் அது ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் "டோக்கன் போட முடியுமா?" என்று கேட்கும். முடியாவிட்டால் திரையில் சிவப்பு. அந்தப் பக்கம் ஒருவரையும் விடாது. அந்தக் கேள்வியை எழுதி வைத்ததே இவள்தான்.

இவளுக்கு மேலே ஒருவன். எண்ணெய்த்தலையன் என்பேன். சிவப்பைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

"கம்ப்யூட்டரை முழிச்சிருக்கியான்னு மட்டும் கேட்டாப் போதாதாம்மா? ஆஸ்பத்திரிக்காரங்க பாக்குற ரிப்போர்ட் பச்சையா இருக்கணும்" என்று குழைவான்.

"கடை தெறந்திருந்தா சரக்கு இருக்குன்னு அர்த்தமா சார்?" என்பாள் இவள்.

அங்கே ஒரு கேடுகெட்ட பழக்கம். அவசரத்துக்கு என்று எல்லாருடைய பாஸ்வேர்டும் அவன் மேஜையில் ஒரு தாளில் கிடக்கும். இவள் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன நேரம் பார்த்து, இவள் பெயரில் நுழைந்து கேள்வியை 'முழிச்சிருக்கியா?' என்று மாற்றிவிட்டான். ஒரு தட்டு, மூன்று இடத்திலும் மாறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் முழித்திருந்தபடியே டோக்கன் போட முடியாமல் படுத்துவிட்டன. திரையோ பச்சைப்பசேல். வந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் செத்ததுகளிடம் போய் முட்டி நின்றார்கள். பிள்ளைத்தாச்சிகள்கூட டோக்கன் இல்லாமல் வெயிலில் நின்றார்களாம்.

மறுநாள் வீட்டிலிருந்தே மீட்டிங், திரையில் எண்ணெய்த்தலையன் பேசினான். பக்கத்தில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"உன் பேர்லதானே மாறியிருக்கு? தப்பு என்னோடதுன்னு ஒரு மெயில் போட்டுடு. இல்லேன்னா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது."

"அந்த நேரத்துல நான் டாக்டர்கிட்ட இருந்தேன் சார்."

"யாரு சாட்சி?"

"நான்தான்டா சாட்சி! என் கண்ணைத்தானே பாத்தாங்க!" என்று திரைக்குள் முகத்தை நீட்டினேன்.

"அத்தே, சும்மா இருங்க."

கூட வேலை பார்க்கிற ஆறு பேரும் அவன் செய்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்தார்கள். தூ! சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறார்களா?

மருமகள் பழைய கேள்வியைத் திரும்ப எழுதித் தட்டினாள். படுத்த இரண்டில் ஒன்றை யாரும் இன்னும் சரிசெய்திருக்கவில்லை, அது உடனே சிவந்தது.

"யாரைக் கேட்டு சிவப்பாக்குன?" என்று கத்தினான். ஜனங்கள் இன்றைக்கும் காத்துக் கிடக்கிறார்களே என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

இவள் மெயில் போட்டாள். அவன் கேட்டதை அல்ல. நடந்ததை எழுதி, டாக்டர் சீட்டையும் சேர்த்து, ஆஸ்பத்திரிக்கே அனுப்பினாள். சாயங்காலம் இவள் பாஸ்வேர்டைத் திரை ஏற்கவில்லை. வேலை போயிற்று. அவன் அங்கேயேதான் இருக்கிறான், வெட்கங்கெட்டவன்.

"நான் எழுதுன கேள்விய இனி யாரும் தொடக் கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லிட்டாங்களாம் அத்தே" என்றாள் இரண்டு நாள் கழித்து.

"சொல்லுவாங்க. உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொன்னாங்களா?"

"இல்ல."

அவர்களையும் சேர்த்துத் திட்டினேன்.