முக்குளிப்பான் மேலே வரும்வரை

கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில் ஒரு மேடு இருக்கிறது. ஆளுயரம்கூட இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அதில் ஏறும்போதுதான் எனக்கு முதன்முதலாக மூச்சு அடைத்தது. பக்கத்தில் எங்கேயோ முட்டையிட்டிருந்த ஆள்காட்டிப் பறவை ஒன்று தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. நிமிர்ந்து பார்க்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆறு நாளு கம்பெனியில நின்னது பத்தலன்னு இங்க வேற வந்து நின்னா இப்படித்தான்" என்றாள் என் மனைவி கனகா. நான் பார்க்கப் போகும் பறவைகள் மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. கிடைக்கிற ஒரே லீவு நாளை நுரை மிதக்கும் ஆற்றில் கழிக்கிறேனே என்ற கடுப்புதான்.

ஓசூரில் ஒரு வார்ப்பட ஆலையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கிரைண்டரில் தேய்த்து எடுக்க வேண்டும். விருதுநகர் வெயிலிலிருந்து வந்தவனுக்கு இந்த ஊர்க் குளிரும் ஆறும் பெரிய சொத்து. ஆறு நாள் தூசி, ஏழாம் நாள் நாமக்கோழியும் நீர்க்காகமும் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இருமல் நிற்கவில்லை, எடையும் குறைந்தது. எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை விழுங்கினேன். அந்த மருந்தில் சிறுநீர்தான் சிவந்தது, மூச்சு திரும்பவில்லை. பிறகு பெங்களூருக்குப் போனோம். நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கிக்கொண்டிருந்த காலம் அது. பேருந்து நின்று நின்று போனது. ஆனால், நான் என்ன வேலை செய்கிறேன் என்று முதன்முதலில் கேட்டவர் அங்கிருந்த டாக்டரம்மாதான்.

சிலிகோசிஸ் (மணல் தூசி நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாக இறுகிப்போகும் நோய்) என்று சீட்டில் எழுதினார்.

"மாஸ்க் போடல்லையா நீங்க?" கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"வெல்லம் சாப்பிடுவேன் டாக்டர்."

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். விளக்கினேன். எங்கள் பிரிவில் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் தருவார்கள். உள்ளே போன தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. மாஸ்க் போட்டால் புழுங்கும், கண்ணாடியில் ஆவி படியும். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம், "அத கழட்டிப் போடுப்பா, வெல்லத்தத் தின்னு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"வெல்லம் ஹொட்டைக்குப் போகுது, வயித்துக்கு. தூசி லங்ஸுக்குப் போகுது. ரெண்டும் வேற வேற வழி, இல்லையா?" என்றார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு மாஸ்க்கைக் கழற்றியவர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றபோது பயமாகவும் இருந்தது. ஆலைக்குப் போய் அவர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள், "உடம்பப் பாத்துக்கங்கண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு மருந்து இல்லை, தழும்பு மறுபடி நுரையீரல் ஆகாது, அந்த வேலையை விட்டுவிடுங்கள், முடிந்தவரை தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் காதில் கடைசியாகச் சொன்னது மட்டும் விழுந்தது. இதே சீட்டோடு வீடு திரும்பியிருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

தினமும் ஆற்றோரம் நடந்தேன். முதல் மாதம் பம்ப் ஷெட் வரை. அங்கே கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். அதையும் தாண்டி, நாணல் திட்டில் நத்தைகுத்தி நாரைகள் நிற்கும். தை மாதத்துக்குள் அதுவரை போய்விட்டால் தேறிவிட்டேன், மறுபடி ஏதாவது வேலைக்குப் போகலாம் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். பொங்கல் கழிந்த நாலாம் நாள் போய்ச் சேர்ந்தேன். வழியில் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். நாரைகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவன் போல நின்றேன்.

அடுத்த வாரம் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து நுரையீரலின் கொள்ளளவை அறியும் சோதனை) செய்தார்கள். முந்தைய தடவையைவிடக் குறைந்திருந்தது.

"தினமும் நடந்தேனே டாக்டர்."

"நடந்ததனாலதான் இவ்வளவாவது இருக்குது" என்றார்.

கனகா வெளியே வந்து, தாழ்வாரத்துப் பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழ மூச்சு போதவில்லை.

இப்போது பம்ப் ஷெட் வரைகூடப் போவதில்லை. கனகா ஆட்டோவில் கூட்டிவந்து கரையில் உட்கார வைப்பாள். உட்கார்ந்த இடத்தில் நிறையத் தெரிகிறது, அதில் ஆறுதல் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நடக்கத்தான் வேண்டும்.

போன வாரம் ஒரு முக்குளிப்பான் எங்கள் எதிரே தண்ணீருக்குள் மூழ்கியது. "அது வர்ற வரைக்கும் நான் மூச்சடக்குறேன் பாருங்க" என்று கன்னத்தை உப்பிக்கொண்டாள் கனகா. என்னைச் சிரிக்கவைக்கத்தான் செய்தாள். நான் எண்ணினேன். பறவை மேலே வருவதற்குள் ஒன்பது முறை மூச்சு வாங்கியிருந்தேன். அவள் அப்போதும் அடக்கிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் என்னோடு வாழ்ந்தவளின் நெஞ்சைப் பார்த்து அப்படியொரு பொறாமை எனக்குள் எழுந்தது. அவள் என் முகத்தைக் கவனித்துவிட்டாள்.

அன்றிலிருந்து என் பக்கத்தில் இருக்கும்போது சத்தம் வராமல் மூச்சு விடுகிறாள்.