முப்பத்தாறாம் மரம்

என் தங்கை லுசில் முப்பத்தொரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வாசலில் பிள்ளை இல்லையென்றால் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள், மூன்றாவது முறை கிடையாது. ஒருமுறை நான் சட்ட அளவுக்கு அரை அங்குலம் குறைவான ஒரு மீனைத் திருப்பி விடாமல் வாளியில் போட்டுக்கொண்டேன். அவளே வனக் காவலரான வார்டனுக்குப் போன் செய்தாள். "நாற்பது வருஷமா மரக்கட்டைய அளக்கிற ஆளு, ஒரு மீன அளக்கத் தெரியலையா அண்ணே?" என்று கேட்டாள். அபராதம் கட்டினேன். அப்படி ஒரு தங்கை இந்த எல்லைப்புறத்தில் வேறு யாருக்கும் இல்லை என்பதில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் ஊருக்குக் குளிர்காலத்தில் வருகிறவர்கள் பனிவண்டி ஓட்டத்தான் வருகிறார்கள். தெரியோ ஏரி உறைந்த பிறகு அதன் மேல் பாதை குறிக்கும் வேலை லுசிலுடையது. கிறிஸ்துமஸ் முடிந்து ஊர்க்காரர்கள் தீயணைப்பு நிலையத்தின் முன் போட்டுவிட்டுப் போகும் மரங்களை அவள் அள்ளி வருவாள். ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு, மரத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி உறைய விடுவாள். நடந்து அளந்து, ஐம்பது அடி வைப்புக்கு ஒரு மரம். மரங்களின் வரிசையை விட்டு விலகாமல் ஓட்டினால் இதே கரையில் ஏரியின் மறுகோடியில் உள்ள உணவு விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேரலாம். பல வருடங்களுக்கு முன்பு, யாரோ கண்ணளவில் நட்ட மரங்களை நம்பிப் போன எங்கள் சித்தப்பா மகன் ரேனால் பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனான். அதற்கு அடுத்த குளிர்காலத்திலிருந்து இந்த வேலையை லுசில் வேறு யாருக்கும் விட்டதில்லை.

இந்த வருடம் அறுபத்துநாலு மரங்கள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகரத் துண்டு கட்டியது நான். பனிக்கட்டியின் கனத்தை நோட்டில் எழுதியதும் நான்தான். ஜனவரி ஆறாம் தேதி, ஏரி ஒடுங்கும் இடத்தில், பதினாலு அங்குலம்.

இருபத்துமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலைப் பேருந்து நடையை முடித்துவிட்டு லுசில் போன் செய்தாள்.

"அண்ணே, எட்டு மரம் எந்திரிச்சு நடந்து போயிருச்சு."

"எங்க போச்சு?"

"கனடாவுக்கு."

அது உண்மைதான். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலான எல்லை அந்த ஏரியின் நடுவில் ஓடுகிறது. பனியில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒடுங்கும் இடத்தில் எங்கள் மரங்கள் எல்லைக்கு நூற்றிருபது அடி வைப்பு இந்தப் பக்கம் நின்றிருந்தன. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை, எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் முப்பது அடி வைப்பில் இப்போது நின்றன. காற்று எல்லாத் தடத்தையும் துடைத்திருந்தது. எல்லைக் காவலர் டெல்காடோ, வெயில் பூமியான அரிசோனாவிலிருந்து வந்தவர், மூக்கு சிவக்க நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், உங்க பாதை வெளிநாடு போகுது. அது வழியா போறவன் ஒவ்வொருத்தனையும் நான் பிடிச்சாகணும். இன்னொரு தடவை நடந்தா எழுதி அனுப்பிருவேன், பாதையை மூடிருவாங்க."

மரங்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். அடிமரத்தை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்ததால் ஒவ்வொன்றும் ஒரு சாண் குறைந்திருந்தது. பதினைந்தாம் தேதி விழுந்த பனி இரண்டடி கிடந்தது. துளை போடாமல் அந்தப் பனியிலேயே நட்டு மிதித்து நிறுத்தினோம். கனம்தான் ஏற்கெனவே நோட்டில் இருக்கிறதே.

யார் செய்திருப்பார்கள் என்று யோசித்து ஒரு தாளில் பெயர்களை எழுதினேன். பனிவண்டிக் கிளப் தலைவர் லியோனெல், தன் மருமகனுக்கு இந்தப் பொறுப்பை வாங்கித்தர மூன்று வருடமாகத் துடிப்பவன். கனடாவின் எதிர்க்கரையில் இருக்கும் விடுதிக்காரன். அக்கரைப் பக்கத்து மீன்காரர்கள் நால்வர். கடைசியாக ஓடிலோன். ஒடுங்கும் இடத்தை ஒட்டிய நிலமுனை முழுவதும் அவனுடையது. அங்கேயே குடிசை போட்டு மீன் பிடிக்கிறான். ஒருவனுக்கு ஐந்து தூண்டில்தான் என்று சட்டம் இருக்க, அவன் ஏழு போட்டிருந்ததை எண்ணிப் பார்த்து வார்டனுக்குச் சொன்னவள் லுசில். ஒரு வருடம் அவனுக்கு உரிமம் இல்லாமல் போயிற்று. ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போன இருவரும் அதன் பிறகு மூன்று குளிர்காலமாகப் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பெரிய ஓட்டம். தெற்கிலிருந்து இருநூறு வண்டிகள் வரும். "வியாழன் கூட்டத்துல முடிவு பண்ணிரலாம் அக்கா. மரத்தக் காப்பாத்த முடியலைன்னா வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றான் லியோனெல். அவன் வருத்தமாகச் சொன்னதைத்தான் நான் நம்பவில்லை.

வியாழன் காலை மரங்கள் மறுபடி கனடாவில் நின்றன.

முப்பதாம் மரத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். நான் அடி வைத்து அளந்தேன். மரத்துக்கு மரம் ஐம்பது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பனியை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் துளை போட்டு, தண்ணீர் ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். முப்பத்தாறாம் மரத்தில் மட்டும் தகரத் துண்டைக் காணோம்.

"திருடன் நம்மளவிட ஒழுங்கானவன் லுசி. நாம மிதிச்சு வச்சோம், அவன் துளை போட்டு நட்டிருக்கான்."

லுசில் நிமிர்ந்தாள். நிலமுனையில் எழுந்த புகையைப் பார்த்தாள். பிறகு நேராக அதை நோக்கி நடந்தாள்.

ஓடிலோன் கதவைத் திறந்தபோது கையில் தோசைக் கரண்டி. அடுப்பில் கோதுமை அடை வெந்துகொண்டிருந்தது.

"வா, வா. தூண்டில் எண்ண வந்தியா? வெளிய அஞ்சு இருக்கு. எண்ணிட்டுப் போ."

"எண்ணிட்டுத்தான் வந்தேன். என் மரத்தைத் தொட்டது நீயா?"

"ஏன், மரத்துக்கும் வார்டன் இருக்காரா?"

"விளையாடாத ஓடிலோன். சனிக்கிழமை இருநூறு பேர் வர்றாங்க. இன்னைக்கு சாயங்காலம் என் வேலை போகப் போகுது."

அவன் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஜெரார், நோட்டுப் புத்தகக்காரா. எத்தன அங்குலம்னு எழுதி வச்சிருக்க?"

"பதினாலு."

"என்னைக்கு?"

"ஆறாம் தேதி."

"ஆறாம் தேதி! அதுக்கப்புறம் ரெண்டடி பனி மெத்தை மாதிரி போத்தியிருக்கு, குளிரு உள்ள இறங்கல. அடியில தண்ணி ஓடி அரிச்சுக்கிட்டே இருக்கு. பதினாலுன்னு நோட்டு சொல்லுது. ஏரி என்ன சொல்லுதுன்னு கேட்டியா?" அடை கருகும் வாசனை வந்தது. "போங்க, எனக்கு வேலை இருக்கு."

கதவு மூடுவதற்கு முன், ஜன்னல் விளிம்பில் கிடந்த ஒன்றை நான் பார்த்தேன். சட்டென்று லுசிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி ஏரிக்கு வந்ததும் லுசில் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். முப்பத்துநாலாம் மரம் முதலில் நின்ற இடம் வரை ஊர்ந்து போனாள். படுத்தபடியே துளைக்கருவியைச் சுழற்றினாள். நாலைந்து சுற்றில் தண்ணீர் பொங்கி வந்து அவள் கையுறையை நனைத்தது.

"மூணரை," என்று கத்தினாள். "எழுது அண்ணே. இன்னைக்குத் தேதி போட்டு எழுது."

எழுதினேன். ஆறாம் தேதியின் பதினாலுக்குக் கீழே மூணரை. அந்தப் பதினாலு அவளுடையதல்ல, நான் எழுதியது. அதை நம்பித்தான் அவள் துளை போடாமல் மரங்களை மிதித்து நிறுத்தினாள்.

நிலமுனைப் பக்கம் பனிக்கட்டி நம்பத் தக்கதல்ல. நம்பத் தக்கது எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மிச்சமிருந்தது ஓடிலோனின் நிலம் வழியாகப் போகும் பழைய மரம் வெட்டும் பாதை ஒன்றுதான். உடைகூட மாற்றாமல் அவள் மறுபடி அந்தக் கதவைத் தட்டினாள்.

"மூணரைதான் இருக்கு. உன் நிலத்து வழியா விடணும்."

"விட்டா எனக்கு என்ன செய்வ?"

"நன்றி சொல்வேன்."

"அது போதாது. இனிமே எத்தன தூண்டில் போட்டாலும் வார்டனுக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

நான் லுசிலைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை, பாதை, சனிக்கிழமை எல்லாம் கிடைத்துவிடும்.

"ஆறு போட்டாலே சொல்வேன்," என்றாள் லுசில்.

ஓடிலோன் அவள் கைகளைப் பார்த்தான். அவள் கையுறை அதற்குள் கட்டையாக உறைந்திருந்தது. "உன் அப்பன் எப்படித்தான் உன்னப் பெத்தாரோ," என்றான். "கையுறையக் கழட்டி அடுப்பு மேல வை. வண்டிங்க என் குடிசைகிட்ட மெதுவாப் போகணும். மீன் ஓடிரும்."

அன்று மாலைக் கூட்டத்தில் லுசில் எழுந்து நின்றாள். "என் மரங்கள் நின்ன இடம் தப்பு. பனி விழுந்ததுக்கு அப்புறம் நான் திரும்ப அளக்கலை. மரங்கள நகர்த்தலைன்னா சனிக்கிழமை நாம தண்ணிக்குள்ள ஆளுகளத் தேடிக்கிட்டு இருப்போம். பாதைய ஓடிலோன் நிலம் வழியா மாத்தியாச்சு." என் நோட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லியோனெல் விடவில்லை. "நகர்த்தினது யாரு அக்கா? எல்லைக் காவலரும் இருக்காரு. பேரைச் சொல்லுங்க."

டெல்காடோ பேனாவை எடுத்தார். ஓடிலோன் பெயரைச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். சொந்த அண்ணனையே பிடித்துக் கொடுத்தவள் அல்லவா.

"நான் பாக்கலை," என்றாள். "கண்ணால எண்ணாததை நான் எழுதிக் கொடுக்கிறதில்லை."

கை தூக்கச் சொன்னார்கள். அவளே தொடரட்டும் என்று பத்தொன்பது பேர், கூடாது என்று ஏழு பேர். அந்த ஏழு பெயரும் என்னிடம் இருக்கின்றன. நகர்த்தியது லியோனெல் இல்லை என்று தெரிந்த பிறகும் அவன் பெயரை நான் தாளிலிருந்து அடிக்கவில்லை.

சனிக்கிழமை இருநூற்றெட்டு வண்டிகள் நிலமுனை வழியாக மெதுவாகப் போய், அத்தனையும் திரும்பி வந்தன. நானே நின்று எண்ணினேன்.

இதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை மதியம், என் கொட்டகையில் ஒரு புதுத் தகரத் துண்டை வெட்டி அதில் முப்பத்தாறு என்று பொறித்தேன். பழையது எங்கே என்று கேட்டால் காற்றில் விழுந்திருக்கும் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அது ஓடிலோனின் ஜன்னல் விளிம்பில் கிடந்ததைச் சொன்னால் லுசிலுக்கு அதுவே சாட்சியாகிவிடும். உடனே போன் செய்துவிடுவாள்.

புதிய வழியில் முப்பத்தாறாம் மரத்தில் அதைக் கட்டும்போது அவள் பக்கத்தில்தான் நின்றாள். மற்ற துண்டுகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. இது மட்டும் பளபளவென்றிருந்தது. மீனில் அரை அங்குலக் குறையைக் கண்டுபிடித்த கண் அவளுடையது. அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "அடுத்தது முப்பத்தேழு அண்ணே, சீக்கிரம்," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

அன்று ஓடிலோனின் கதவருகே நான் மறைத்து நின்றேனே, அதற்கு முன்னாலேயே அவள் ஜன்னல் விளிம்பைப் பார்த்துவிட்டாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.