மழை அளவு வந்த கம்பி

சிலோன் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் நீலகிரிக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த வருஷங்களில், அரவேணு பக்கம் ஒரு சிறிய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். கோயமுத்தூரிலிருந்து வேலைக்காக மலையேறியவள். ஒரே அறை, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும், பிளக்கைக் குத்தி லைன் சேர்க்கிற பலகை, உட்கார ஒரு நாற்காலி.

சுற்றியிருந்த ஒவ்வொரு எஸ்டேட்டிலும் ஒரு மழைமானி உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் அதில் விழுந்த தண்ணீரை அளந்து, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்கள் டவுனில் இருந்த தாலுகா ஆபீசுக்கு போனில் சொல்வார்கள். அளவு மிஞ்சிப் போனால் சரிவுகளில் குடியிருப்பவர்களை வெளியேற்ற அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான். எல்லா அளவும் என் காதைத் தாண்டித்தான் போகும்.

எக்ஸ்சேஞ்சைக் கூட்டித் துடைக்க ஒரு அக்கா வருவார். கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்த குடும்பம். புருஷன் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து மூட்டை இறக்குவார். பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். ரோட்டுக்குக் கீழே, வேறு யாரும் வேண்டாமென்று விட்ட சரிவில், மண்ணும் தகரமுமாக அவர்கள் வீடு. பக்கத்தில் அதே மாதிரி பத்துப் பதினைந்து வீடுகள். எல்லாரும் சிலோனிலிருந்து வந்தவர்கள்.

அந்த வருஷம் மழை பிடித்தது, விடவேயில்லை. இரண்டு நாளாகப் பெய்து மூன்றாம் நாள் விடிந்தபோது, மேலே இருந்த எஸ்டேட்டின் ரைட்டர் டவுன் ஆபீஸ் கிளார்க்கிடம் சொன்னது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

“அளவு சொல்ல முடியாதுங்க. மானி நெறஞ்சு வழியுது. மேல் காட்டுல தேயிலைச் செடிக்கு நடுவுல நெலம் வெடிச்சிருக்குது. கீழ இருக்கறவங்களைச் சீக்கிரம் எடுத்துருங்க.”

“தாசில்தார் அய்யா மீட்டிங்குல இருக்கறாருங்க. வந்ததும் சொல்லீர்றேன்” என்றார் கிளார்க்.

நான் அக்காவைக் கூப்பிட்டு, கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மத்தியானத்துக்குள் அத்தனை குடும்பமும் சட்டிபானையும் சாக்கு மூட்டையுமாக ரோட்டுக்கு மேலே இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. மழைக்கு லீவு விட்டிருந்த பள்ளிக்கூடம். பூட்டியிருந்தது.

உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்றார் வாட்ச்மேன். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. போன வருஷம் இப்படித் திறந்துவிட்டதில் அவர் வேலையே போகப் பார்த்ததாம். கட்டிடத்துக்கு முன்னால் ஒடுக்கமான வராந்தா. சாரல் அதன் சுவர் வரை அடித்தது. அதில்தான் எல்லாரும் நின்றார்கள், கைக்குழந்தைகள் உள்பட.

அக்கா நனைந்து நனைந்து எக்ஸ்சேஞ்சுக்கு வந்து கேட்டுப் போவார். “உத்தரவு வந்துச்சாம்மா?”

ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு பிளக்கைப் போட்டேன். “ஏனுங்க, குழந்தைகளெல்லாம் மழைல நிக்குதுங்க. பள்ளிக்கூடச் சாவிக்கு மட்டுமாவது சொல்லுங்க.”

“நானென்னங்க பண்றது? கையெழுத்து ஆகோணுமில்லீங்க.” கிளார்க்கின் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அக்கா வந்தபோது முகமே மாறியிருந்தது. “புள்ளைக்குக் காச்சல் கொதிக்குதும்மா. நின்னு நின்னு பாத்துட்டு, அவரு தூக்கிக்கிட்டு வீட்டுக்கே எறங்கிட்டாரு. அடுப்புச் சூட்டுல படுக்க வைக்கிறேன்னாரு. மத்தவங்களும் பின்னாலயே போறாங்க.”

“இங்க கூட்டிட்டு வாங்கக்கா. பலகைக்கடியில படுக்க வெச்சுக்கலாம். ஆரு கேட்டாலும் நான் பாத்துக்கறேன்.”

“கூட்டியாறேன்” என்று சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர் ரோட்டு வளைவைக்கூட எட்டியிருக்க மாட்டார். பலகையில், யாராவது கூப்பிட்டால் விழுகிற சின்ன மூடிகளில், கீழ்ப்பக்க லைன்களுடையது எல்லாம் ஒரே சமயத்தில் சடசடவென்று விழுந்தன. அத்தனை பேரும் ஒன்றாக என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாக பிளக்கைப் போட்டேன். எதிலும் குரல் இல்லை, கம்பிகள் அறுந்திருந்தன. அப்புறம்தான் சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. லாரியிலிருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

டவுன் லைன் மட்டும் உயிரோடு இருந்தது. இருட்டுகிற நேரத்தில் அதில் கிளார்க் கூப்பிட்டார். “உத்தரவு ஆயிருச்சுங்க. பள்ளிக்கூடத்தைத் தொறக்கச் சொல்லுங்க.” நடந்ததை அவருக்குச் சொன்னேன். அவர் வெகுநேரம் போனை வைக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. தோண்டி எடுத்தவர்களை அங்கேதான் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். மகளை அப்பாவின் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை என்று வாட்ச்மேன் வந்து சொல்லிவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். கூட்டுவார், துடைப்பார், போய்விடுவார். ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“காலையிலயே தெரிஞ்சிருச்சு இல்லம்மா?”

“தெரிஞ்சுதுங்கக்கா.”

“ஆபீசுலயும்?”

“எல்லாத்துக்கும் தெரியுமுங்க.”

தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தையும் துடைத்து முடித்தார். அந்த மாதமே கூடலூர்ப் பக்கம் சொந்தக்காரர் ஒருவரிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். விசாரித்தார்கள். மழைமானிகள் போதவில்லை என்று முடிவானது. தானாகவே காகிதத்தில் கோடு போடும் புது மானி ஒன்றைப் பள்ளிக்கூட மைதானத்தில் வேலி கட்டி நிறுத்தினார்கள். அந்த அளவை டவுனுக்குச் சொல்வதும் என் வேலையானது. பள்ளிக்கூடச் சாவியைப் பற்றி யாரும் பேசியதாக என் காதுக்கு வரவில்லை.

கோடை முடிவதற்குள் சரிந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே மறுபடி தகரங்கள் எழுந்தன. முகாமிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள். அடுத்த ஐப்பசியில் மழை அளவு ஏற ஏற, கடைக்குப் போகிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர் என்று கண்ணில் பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, சரிவை விட்டுப் போய்விடச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் குடையை மடக்கிக்கொண்டு நின்று சொன்னார்.

“நீங்க சொல்றது சரிதாம்மா. அங்கயிருந்து போன்னாங்க, வந்தோம். இங்கயிருந்து எங்கிட்டு போறது?”

அவர் குடையை விரித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். உள்ளே பலகையில் டவுன் லைன் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, அளவு கேட்டு.