சூடாக்கி வைத்த கார்

ஸ்டியரிங்கைப் பிடித்த கை மணிக்கட்டு வரை நடுங்கும். குளிர் எனக்கில்லை, காருக்கு. விடியற்காலையில் சாவியைத் திருகினால் எஞ்சின் பிடிக்கும், இருமும், கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடும், மிதியிலிருந்து காலை எடுத்தால் செத்துப்போகும். பத்து நிமிஷம் மிதித்துக்கொண்டே இருந்து சூடேற்றிவிட்டாலோ, அப்படி ஒரு சீக்கு இருந்ததாகவே தெரியாது.

பிள்ளைகளா, அது எங்கள் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த ஐயாவின் கார். கஹவத்தைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் லொறி ஓட்டினேன். ஐயாவுக்குக் கண்பார்வை குறைந்த பிறகு அவருடைய காரையும் நானே ஓட்டினேன். ஜப்பானில் ஓடித் தேய்ந்து வந்த பழைய கார். ஆனாலும் கார்புரேட்டர் இல்லை, பெற்றோலைத் தானே அளந்து தெளிக்கிற இஞ்செக்டர் வைத்தது. நான் கற்ற தொழிலோ கார்புரேட்டரோடு நின்றுபோனது. பிளக்கைக் கழற்றித் தேய்த்தேன், காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டேன், ஒன்றுக்கும் அது மசியவில்லை. கஹவத்தையில் ஒரு சிங்கள மெக்கானிக் இருந்தார், எல்லாருக்கும் அவர் ‘பாஸ்’. அவரிடம் மூன்று தடவை கொண்டுபோனேன். மலை இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, அவர் வாசலில் பால் குடித்த பூனை மாதிரி நிற்கும். “தம்பி, சீக்கு காருக்கா, ஒனக்கா?” என்று சிரிப்பார்.

அந்த நேரத்தில் ஐயாவின் மனைவி கிளாக்கரம்மாவுக்கு வயிற்றில் கட்டி. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒரு திங்கட்கிழமை ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஐயா ஒரு வாடகை வானுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் வானின் குலுக்கலை அம்மா தாங்கமாட்டார், கார் சரியானால் காரிலேயே கூட்டிப்போகலாம் என்பது ஐயாவின் ஆசை. பாஸைக் கெஞ்சிக் கேட்டார். “சனிக்கிழமை காலையில நானே மேல வாறேன்” என்று மட்டும் பாஸ் சொல்லியனுப்பினார்.

நான் செய்த வேலையைக் கேளுங்கள். வாலிபத்தில் நான் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் டிரைவராக இருந்தவன். துரை படியிறங்கும்போது கார் கழுவி, சூடாகி, வாசலில் தயாராக நிற்க வேண்டும். குளிர்ந்த காரைக் காட்டுவதே மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. முதல் பஸ்ஸில் வந்து இவ்வளவு தூரம் நடந்து ஏறுகிற பாஸை மதிக்க வேண்டாமா? அரை மணி நேரம் முன்னாலேயே காரைக் கழுவித் துடைத்து, எஞ்சினைச் சூடாக்கி வைத்தேன். வியர்வையோடு வந்த பாஸ் பொனட்டில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“அட மடையா, மாத்திரை குடுத்துக் காய்ச்சல எறக்கிட்டுத்தானா டொக்டர கூப்பிட்டே? குளிர்ல பாக்கத்தானே நான் வந்தேன்!”

“ஆற எவ்வளவு நேரம் ஆகுங்க பாஸ்?”

“சாயங்காலம் ஆயிரும். ஊர்ல செத்துப்போன எங்க அம்மா பேர்ல பிக்குமாருக்குத் தானம், இப்பவே பஸ் புடிக்கணும். செவ்வாக்கிழம வாறேன். அது வரைக்கும் இத நம்பாத.”

அவர் இறங்கிப் போன பிறகு ஐயா விறாந்தைக்கு வந்தார். “என்னப்பா, சரியாயிருச்சா?” என்றார். என் மடத்தனத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “பரவாயில்லைங்க ஐயா, சத்தத்தக் கேட்டுப் பாருங்க” என்றேன். காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. வான் வேண்டாமென்று அப்போதே ஆள் அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திங்களன்று சீக்கிரம் எழுந்து சூடாக்கிவிட்டால் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிய அடைமழை. எஞ்சின் பிடித்தது, இருமியது, செத்தது. மிதியை விடாமல் மிதித்தும் திரும்பத் திரும்ப அதே கதை. பேட்டரியும் இறங்கியது. லயத்து வீடுகளிலிருந்து தொழிலாளர்கள் வந்து மழையில் தள்ளினார்கள். வானுக்கு ஓடிய ஒருவர், அது வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹயருக்குப் போய்விட்டதென்று திரும்பி வந்தார். பின் சீட்டில் போர்வைக்குள்ளிருந்து அம்மா, “பதறாதப்பா, மெதுவா பாரு” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஒருவழியாக எஞ்சின் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. அவருடைய முறை வேறொருவருக்குப் போயிருந்தது. இரண்டு மாதம் தள்ளி நாள் கொடுத்தார்கள். அந்த நாள் வரை அம்மா இருக்கவில்லை.

பாஸ் சொன்னபடி செவ்வாய்க்கிழமை வந்தார். ஆறிக் கிடந்த எஞ்சினில் மீட்டரை வைத்துக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்தார். தண்ணீரின் சூட்டைப் பார்த்துச் சொல்கிற சென்சர், விரல் நுனியளவு. எஞ்சின் பச்சைத் தண்ணீராய்க் கிடக்கும்போதே அது சூடாயிருக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி, குளிருக்கு வேண்டிய பெற்றோலைக் கார் குறைத்துவிட்டது. வேறொன்றைப் பூட்டினார். அதன் பிறகு கார் ஒருநாளும் நடுங்கவில்லை. அந்தக் காரில்தான் அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் போனோம்.

காரியத்துக்கு வந்தவர்களிடம் ஐயா என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “இவன் என்ன செய்வான், பாவம். மழையில கெடந்து பாடுபட்டான். வான வேணாம்னு சொன்னது நான்தான்.” அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உங்கள் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. வருஷா வருஷம் திதிக்குப் போவேன். வருஷா வருஷம் அவர் அதையே சொல்வார், நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். போன மாதம் ஐயா இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. வானை வேண்டாமென்றது தன் தப்பு என்ற நினைப்போடுதான் போயிருப்பார்.