மெத்தைக்கு விலை கேட்டவர்கள்

கட்டார் ஹோட்டல் சமையலறைகளில் பதினோரு ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்த அப்பா, ரத்தோட்டையில் எங்கள் மிளகுக் கொடிகளுக்கு மேலே, சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்காக இரண்டு அறைகள் கட்டினார். சித்திரைப் புத்தாண்டுக்குள் யாரும் வராவிட்டால் மறுபடியும் கட்டாருக்கே போவதென்று முடிவு செய்து, கடவுச்சீட்டைக் கண்டியிலுள்ள ஓர் ஏஜென்சியில் ஒப்படைத்திருந்தார். அம்மாவோ, அப்பாவின் பயணப்பெட்டியில் துணி வைக்க இடமில்லாதபடி காய்ந்த கராம்பைக் கொட்டி வைத்தார், அவ்வளவுதான்.

பேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியவன் அண்ணன். புது மெத்தை, புது நாற்காலி எல்லாவற்றையும் படமெடுத்துப் போட்டான். கடையில் சுற்றித் தந்த பொலித்தீன் உறை எதிலிருந்தும் அகற்றப்படவில்லை. மூன்று மாதங்களில் ஐந்து பேர் செய்தி அனுப்பினார்கள். ஐவரும் கேட்டது ஒன்றுதான்: மெத்தை என்ன விலை?

கடைசியாகக் கேட்டவர் கலேவெலக்காரர். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா என்றும் விசாரித்திருந்தார்.

"பேசாம மெத்தைக் கடையே போட்டுறலாம்ப்பா," என்றான் அண்ணன்.

உறையைக் கிழித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அப்பா தலையசைத்து மறுத்தார். "மொதமொத வந்து தங்குறவங்க கையாலதான் பிரிக்கணும். அதுதான் அவங்களுக்குக் குடுக்கிற மரியாத."

"அப்ப நானே வந்து தங்குறேன்."

"வீட்டுப் புள்ள எப்படி விருந்தாளி ஆகும்?"

"பேராதனை கெம்பஸ் விடுதியிலதானேப்பா இருக்கேன். வெள்ளிக்கிழமை வெளியூர்லருந்துதானே வருவேன்."

"சரி, வா," என்றார் அப்பா. இலக்கியம் படித்த நாலு வருடத்தில் நான் அவரிடம் வென்ற முதல் வாதம் அது.

அந்த வெள்ளிக்கிழமை பேருந்திலிருந்து இறங்கி, வீட்டு வாசலைத் தவிர்த்து, அறைகளுக்குச் செல்லும் படிகளில் ஏறினேன். "பேக்க குடுங்க மேடம். டிப்ஸ் உண்டுதானே?" என்று அண்ணன் குனிந்தான். அம்மா சிரிப்பை அடக்கியபடி இளநீர் நீட்டினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். நான் உறையைக் கிழித்த சத்தத்தில் அவர் முகம் ஒருகணம் சுருங்கியது. பிறகு கிழிசல்களைப் பொறுக்கி, ஒழுங்காக மடித்து எடுத்துப் போனார்.

மறுநாள் காலை நான் எடுத்த படங்கள் மூன்று. தூங்கி எழுந்த கசங்கிய விரிப்பு, ஜன்னலில் மலை, தட்டில் அப்பாவின் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும். அவற்றை எங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்தியை எழுதினேன்: "ஆறரைக்கு மலை தெரியும். எட்டு மணிக்கு மேகம் மூடிவிடும். மழை பெய்தால் பாதையில் அட்டை ஊரும்; கதவோரம் உப்பு வைத்திருக்கிறோம்."

"அட்டைய எழுதுனா எவன் வருவான்?" என்றான் அண்ணன்.

வந்தார்கள். குருநாகலிலிருந்து ஓர் ஆசிரியை எழுதினார்: என் இரண்டு பிள்ளைகளும் அட்டையைப் பார்த்ததே இல்லை, மழை நாளாகப் பார்த்து வரலாமா? அவர்கள் மழையில் வந்தார்கள், உப்பைத் தீர்த்தார்கள், ரொட்டியைப் படமெடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். அதைப் பார்த்துக் கொழும்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் கேட்டன. புத்தாண்டு விடுமுறை முழுவதற்கும் இரண்டு அறைகளும் நிறைந்த நாளில், கலேவெலக்காரரிடமிருந்தும் மறுபடி ஒரு செய்தி வந்தது. மெத்தையைப் பற்றியல்ல, மே மாதத்தில் இடம் இருக்கிறதா என்று.

அப்பா அன்றே கண்டிக்குப் போய்க் கடவுச்சீட்டை வாங்கிவந்தார். எங்கள் பக்கத்து ஈரத்துக்குத் தாள்கள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று, மடித்து வைத்திருந்த பொலித்தீனில் ஒரு துண்டை எடுத்து அதை நாலு சுற்றுச் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில், கை எட்டாத மூலையில் வைத்தார்.

"பெட்டியில இருக்கிற கராம்ப என்னா செய்றது?" என்று கேட்டார் அம்மா.

"அங்கேயே இருக்கட்டும்," என்றார் அப்பா.