மூன்றாவது குரல்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் உச்சிவெயிலில் ஆஸ்பத்திரி வாசலில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான்.

யுத்த காலம் அது. டாக்டர்களைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்ட நேரம் பார்த்து எழுமலைப் பக்கம் வாந்திபேதி வந்து உட்கார்ந்தது. நல்லகாமனின் அத்தை ஒச்சாயிக்கு விடிகாலையில் கண்டது. தாய் தகப்பன் போனபின் அவனை வளர்த்தது அவள்தான். அவனுக்கு உலகத்தில் வேறு நாதி கிடையாது. வண்டியில் வைக்கோலைப் பரப்பி அவளைக் கிடத்தி, மாட்டை விரட்டு விரட்டென்று விரட்டித் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

அங்கே டாக்டர் இல்லை. இருந்தது கம்பவுண்டர் மைக்கேல்ராஜ் ஒருவர்தான். பேதி கண்டவர்களைப் பின்னாலிருந்த கீற்றுக் கொட்டகையில் போட்டிருந்தார்கள்.

"உப்புத் தண்ணி பாட்டில் தீந்துபோச்சப்பா. பெட்ரோல் பஞ்சத்துல கரியில ஓடுதே, அந்த கரி பஸ்ஸுல மதுரையிலருந்து வரணும். அது உடம்புல ஏறிட்டா கிழவி பிழைச்சுக்கும்," என்றார் அவர். "நீ உள்ள இருக்காத, ஒட்டிக்கும். வேப்பமரத்தடியில உக்காரு. கூப்பிட்ட உடனே ஓடியாரணும். ஊசி குத்துறப்ப கையைப் பிடிக்க இங்க ஆளில்ல."

அத்தை அவன் விரலை விடவில்லை. "எங்கிட்டும் போயிராதடா."

"இங்கனதான் அத்தை இருக்கேன்."

மரத்தடியில் உட்கார்ந்தான். பஸ் வரவில்லை. வெயில் தலைக்கு நேரே ஏறியது. கத்திக்கொண்டிருந்த காக்கையும் அடங்கிவிட்டது.

அப்போதுதான்...

"நல்லகாமா..."

அத்தை குரல். கொட்டகைக்குள்ளிருந்து.

எழுந்துவிட்டான். 'ஏன் அத்தை' என்று வாய்வரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினான். ஊருக்குள் பேதியைக் கொண்டுவருகிற அம்மன் தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடுவாள். இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட மாட்டாள். மூன்றாவது குரலுக்குத்தான் ஏனென்று கேட்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவளே அத்தைதான். அவன் அப்பன் முதல் குரலுக்கே ஏனென்று கேட்டான். மறுநாள் அவனைப் பாடையில் தூக்கினார்கள். அதுவுமில்லாமல், பஸ்தான் வரவில்லையே. பிறகு எதற்குக் கூப்பிடுகிறாள்?

"நல்லகாமா..."

இப்போது காதோரத்தில் கேட்டது. அந்த வெயிலிலும் அவனுக்கு உடம்பு குளிர்ந்தது.

இன்னொரு தரம் கூப்பிடு அத்தை. ஒரே ஒரு தரம். பறந்து வந்துவிடுகிறேன்.

நின்றான்.

காத்தான்.

மூன்றாவது குரல் வரவில்லை.

கொட்டகை வாசலில் ஒரு நர்ஸம்மா வந்து நின்றாள். வெள்ளைச் சேலை, நெற்றியில் ஒரு தழும்பு. அந்த இடம் முழுக்க ஈ மொய்த்துக் கிடந்தது... அவள் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை.

"ஏன் தம்பி வரல? ரெண்டு தரம் கூப்பிட்டாகளே."

"மூணாவது தரத்துக்கு நின்னேன்."

"அவுகளும் அதைத்தான் சொன்னாக. 'மூணாவதுக்குத்தான் வருவான், நாந்தான் சொல்லிக்குடுத்தேன்'னு சிரிச்சாக. திரும்பக் கூப்பிட வாயைத் தொறந்தாக. அம்புட்டுத்தான்."

அவளைத் தாண்டி ஓடினான்.

அத்தையின் வாய் திறந்தே இருந்தது. அவன் பெயரைச் சொல்லப் போன வாய். நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டுக் கம்பவுண்டர் வந்தார். நர்ஸம்மா சொன்னதை அவன் அழுதுகொண்டே சொன்னான். அவர் முகம் செத்துப்போயிற்று.

"எந்த நர்ஸு?"

"நெத்தியில தழும்பு இருந்துச்சுய்யா."

"சகாயமேரி..." என்றார். "போன வெள்ளிக்கிழமை அவளும் பேதியில போயிட்டாப்பா. அன்னையிலருந்து இந்தக் கொட்டகைக்கு நர்ஸே கிடையாது. மனசைத் தேத்திக்க. நீ ஓடியாந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. பாட்டிலே இன்னும் வரலையே."

அந்த ஒரு சொல்லில்தான் நல்லகாமனுக்கு மூச்சு வந்தது. தான் போகாததால் அத்தை சாகவில்லை. அதுபோதும் என்று கண்ணைத் துடைத்தான்.

கம்பவுண்டர் அவனைப் பார்க்கவில்லை. அத்தை தலைக்கு மேலே, மூங்கில் கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லகாமனும் அண்ணாந்தான். அங்கே ஒரு பாட்டில் தொங்கியது. வாய்வரை உப்புத் தண்ணீர். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. இன்னும் குத்தாத ஊசியோடு தொங்கிய குழாய் நுனியில் சகாயமேரி கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சில் வெள்ளைத் துணி.

கரி பஸ் அன்றைக்கு வரவே இல்லை.

நல்லகாமன் நெடுங்காலம் இருந்தார். யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே "இந்தா வாரேன்" என்று எழுந்துவிடுவார். உச்சிவெயிலில் சில நாள், யாரும் கூப்பிடாமலே எழுந்து நடப்பார்.