அழகரின் வேனில் வந்த இரைச்சல்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் வாகனம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, அழகரின் வேன். காய்ச்சல்காரரும் கல்யாணக்காரரும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் மகள் கலாராணிக்கு ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர இரண்டு மணித்தியாலம் ஆகும். குறித்த தேதிக்கு முன்பே வந்து வார்டில் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் வண்டி வாசலில் நிற்கும் தைரியத்தில் அவள் போகவில்லை.

அழகர் கெட்டிக்காரச் சாரதி. முப்பது வருசத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. ஆனால் மனுசனுக்குப் பாட்டுப் பைத்தியம். சின்ன பிளேயர் ஒன்று வைத்திருந்தார். அதன் பேட்டரி அரை மணிநேரம்கூடத் தாங்காது என்பதால், வண்டி ஓடும்போதெல்லாம் அது வேனின் சார்ஜரிலேயே கிடக்கும். ஆயுத பூசை முடிந்த மறுநாளிலிருந்து பாட்டோடு சேர்ந்து 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சல். எக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் ஏறும், விட்டால் இறங்கும். ஏறுகிறவர்கள் எல்லாம் கேலி பண்ணினார்கள். அழகருக்குச் சோறு இறங்கவில்லை.

பதுளையில் வாகன வயரிங் வேலை செய்யும் ஜெஸீம் நானாவிடம் கொண்டுபோனார். ஜெஸீம் சார்ஜரைப் பிடுங்கினார், இரைச்சல் நின்றது. திரும்பச் சொருகினார், வந்தது. பிளேயரைப் பவர் பேங்கில் போட்டுப் பார்த்தார், பாட்டுச் சுத்தமாகக் கேட்டது.

"பிளேயர்ல பிழை இல்ல அண்ணே. எங்கயோ எர்த் சரியில்ல. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம பாட்டு வயருக்குள்ளால வருது. வண்டிய வெச்சிட்டுப் போங்க, நாளைக்கித் தேடிப் பாக்குறன்."

"நாளைக்கு ஹயர் ஓட்டம் இருக்கு நானா. இப்ப சத்தம் நிக்க வழி இல்லியா?"

வழி இருந்தது. பிளேயருக்கும் வேனின் ஸ்பீக்கர் செட்டுக்கும் நடுவில் மாட்டும், இரைச்சலை மட்டும் தடுக்கிற தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று. மாட்டியதும் இரைச்சல் போயே போய்விட்டது. அழகருக்கு வாயெல்லாம் பல். ஜெஸீம் இன்னொரு தடவை, "எர்த்தப் பாக்கணும் அண்ணே" என்றார். அழகர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாட்டு நன்றாக இருந்தால் வண்டியும் நன்றாக இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அடுத்த வாரமே வண்டி காலையில் முனகி முனகித்தான் ஸ்டார்ட் ஆனது. "என்னப்பா, இப்பிடி இழுக்குது?" என்று கலாராணி கேட்டாள். "குளிரு தாயி" என்று முடித்துவிட்டார்.

வலி வந்தது பகல் பத்து மணிக்கு. அழகரின் பெண்சாதி ரெங்கம்மா மகளைப் பிடித்துக் கூட்டிவந்து சீட்டில் படுக்க வைத்தாள். அழகர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது, அவ்வளவுதான். பத்துத் தடவை திருப்பியும் அதே 'டிக்'. வண்டி நின்ற வாசல் பள்ளம். தள்ளிவிடலாம் என்றால் ஆட்கள் எல்லாம் மலையில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். கடைசியில் கொழுந்து ஏற்ற வந்த லொறியை மறித்து, ஈரச் சாக்குகளின் மேல் அவளைப் படுக்க வைத்தார்கள். பாதி வழியில், பசறைக்கு இந்தப் பக்கமே பிள்ளை பிறந்துவிட்டது. ரெங்கம்மாதான் கையில் ஏந்தினாள். லொறியின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்த அழகர் சாக்குகளுக்கு மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். தாயும் பிள்ளையும் தப்பியது அவர்கள் நல்ல காலம்.

மறுநாள் செய்தி கேட்டு ஜெஸீமே பஸ் ஏறி வந்து எஞ்சினைப் பார்த்தார். ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பது ஊர் வழக்கம். அழகருக்கு அது போதாது. எஞ்சினைச் சுற்றியுள்ள ஒவ்வொரு போல்டையும் கழற்றித் துடைத்து, சில்வர் பெயின்ட் அடித்து, பூட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்வார். எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் தடித்த எர்த் பட்டியையும் இந்த வருசம் அப்படித்தான் இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்துப் பூட்டியிருந்தார். கரண்டு போகும் வழியை அந்தப் பெயின்ட்தான் அடைத்திருந்தது. ஜெஸீம் பட்டியைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை தேய்த்துப் போட்டார். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள், பாட்டிலும் இரைச்சல் இல்லை.

"நானும் அண்டைக்கு அந்தப் பெட்டியக் குடுத்திருக்கப்படாது" என்றார் ஜெஸீம்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அழகர் வேனைக் கழுவி, சீட்டுக்குப் புதுத்துணி விரித்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கலாராணி பிள்ளையோடு வந்தாள். வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஆட்டோவுக்குச் சொல்லியாச்சுப்பா."

"இப்ப ஒரே ஸ்டார்ட்டுல எடுக்குது தாயி. ஜெஸீம் நானாவே வந்து பாத்துட்டாரு."

"இருக்கட்டும்ப்பா. புள்ளைய நான் இதுல ஏத்த மாட்டேன்."

ஆட்டோ கிளம்பியது. அழகர் மடுல்சீமை வரைக்கும், வெறும் வேனை அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.